கெல்பி கதையைச் சொல்வது எப்படி? ஆற்றங்கரைக் குதிரைக் கதைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் ஆறுகளில் குதிரையாக உருமாறித் திரிந்து ஆளை நீருக்குள் இழுக்கும் கெல்பியின் கதை கேட்க எளிது; சொல்லத்தான் சிரமம். நூலகத்திலும் பள்ளியிலும் புதிதாகக் கதை சொல்ல வருகிறவர்கள் பலர் இதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். குதிரை இருக்கிறது, பயம் இருக்கிறது, கால் மணி நேரத்தில் முடிந்தும் விடுகிறது. ஆனால் பாதியிலேயே ஒரு பையன் "அது பேய்தானே?" என்று கேட்டுவிடுவான். அதோடு கதை படுத்துவிடும்.

பெரும்பாலும் கோளாறு வரிசையில்தான் இருக்கும். குதிரை எப்படிப்பட்டது என்பது கேட்கிற பிள்ளைக்கு மெல்ல மெல்லத் தெரியவர வேண்டும். கதைக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது. சொல்கிறவர் அதை வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

1. எந்தக் கெல்பி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கெல்பி என்ற பெயரில் பல கதைகள் உலவுகின்றன. மேடையில் சொல்லத் தோதானவை நான்கு. பத்துப் பிள்ளைகள் ஆற்றங்கரையில் ஒரு குதிரையைப் பார்க்கும் கதை. மார்ஃபி துரை கெல்பியைப் பிடித்து வேலை வாங்கிய கதை. கானன் ஆற்றங்கரையில் அறுவடைக்காரர்கள் ஒரு குரலைக் கேட்ட கதை. அழகான இளைஞனின் தலைமுடியில் ஒரு பெண் மணலைக் கண்டுபிடிக்கும் கதை.

புதியவர்கள் இவற்றை ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் ஏறுகிறார்கள், நடுவில் ஒருவர் கடிவாளத்தைப் பிடுங்குகிறார், கடைசியில் குதிரை மனிதனாகிறது. இது ஏன் கூடாதென்றால், ஒவ்வொரு கதைக்கும் தனித்தனி சட்டம் உண்டு. பத்துப் பிள்ளைகள் கதையில் தொட்டவர் மீள முடியாது. மார்ஃபி கதையில் தலைக்கயிறு போட்டால் கெல்பி அடங்கிவிடும். இரண்டையும் சேர்த்தால், "அப்போ அவங்களும் கயிறு போட்டிருக்கலாமே?" என்று கேள்வி வரும். நியாயமான கேள்வி. உங்களிடம் பதில் இருக்காது.

ஏரிக் குதிரையையும் இதோடு கலக்காதீர்கள். ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலண்ட்ஸ் ஏரிகளிலும், கடல் நிலத்துக்குள் புகுந்து கிடக்கும் நீர்ப்பரப்புகளிலும் எக்-உஷ்கெ என்று ஒன்று உண்டு, கெல்பியைவிடக் கொடியது. ஆளைத் தின்றுவிட்டு ஈரலை மட்டும் மிதக்க விடும் என்பார்கள். கெல்பி ஓடும் நீருக்கு உரியது, குறிப்பாக ஆற்றைக் கால்நடையாகக் கடக்கும் துறைகளுக்கு. பேச்சுவழக்கில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வதுண்டு. கதை சொல்கிறவர் ஒன்றில் நின்றுகொள்வது நல்லது. ஆறு என்று தொடங்கிவிட்டால் ஈரல் வராது, அவ்வளவுதான்.

வயதையும் பாருங்கள். ஆறு வயதுக்குக் கீழே மார்ஃபி கதை போதும். ஏழிலிருந்து பதினொன்று வரை பத்துப் பிள்ளைகள் கதை. அதற்கு மேல் கானன் ஆற்றுக் கதை. தலைமுடியில் மணல் வரும் கதை பெரியவர்களுக்கு. அதைப் பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் ஏரிக் குதிரையைப் பற்றியே சொல்வார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி 11 வரை வரும் படிகள் பத்துப் பிள்ளைகள் கதைக்கானவை. இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

2. ஆறு, குதிரை, வெளிச்சம்: இம்மூன்றும் தெரியாமல் தொடங்காதீர்கள்

இவற்றில் பாதியை நீங்கள் கதைக்குள் சொல்லவே போவதில்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்திருந்தால் குரலில் தயக்கம் இருக்காது.

ஆறு: ஹைலண்ட்ஸ் ஆறுகள் பல, மட்கிய தாவரங்கள் படிந்த சதுப்பு மேடுகளின் வழியாக இறங்கி வருகின்றன. அதனால் நீர் பால் விடாத தேயிலைச் சாயம் போலப் பழுப்பாக இருக்கும். அழுக்கில்லை, தெளிவுதான், ஆனால் சற்று ஆழமானாலும் அடி தெரியாது. மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். பாலங்கள் இல்லாத காலத்தில் ஆழம் குறைந்த துறைகளில் இறங்கித்தான் கடப்பார்கள். கெல்பி எங்கே நிற்கும் என்று இப்போது புரிந்திருக்கும்.

குதிரை: உயரம் குறைந்த, கால் தடித்த மலைக்குதிரை. அடுப்பெரிக்கச் சதுப்பு மண்கட்டிகளை வெட்டிக் காயவைத்து, கூடைகளில் ஏற்றிக் குதிரை முதுகில் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். ஆகவே ஆற்றங்கரையில் ஒரு குதிரை தனியாக மேய்ந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கெல்பி அந்த உருவத்தை எடுப்பதன் சூட்சுமமே இதுதான்.

வெளிச்சம்: ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் பிள்ளைகள் வெளியே இருப்பது இயல்பு. இது தெரியாமல் "இருட்டியது" என்று தொடங்கினால், "ராத்திரியில பிள்ளைகளைத் தனியா யாரு விட்டது?" என்று ஒரு அம்மா கட்டாயம் கேட்பார்.

இன்னொன்று. ஃபால்கிர்க் ஊரில் கெல்பிகள் என்ற பெயரில் 30 மீட்டர் உயரத்துக்கு இரண்டு எஃகுக் குதிரைத் தலைகள் நிற்கின்றன. சிற்பி ஆண்டி ஸ்காட், 2013-இல் எழுப்பப்பட்டவை. இணையத்தில் கெல்பி என்று தேடினால் முதலில் வருவது அந்தப் படம்தான். அதை அச்செடுத்துப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டுக் கதையைத் தொடங்குகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்தப் பிரம்மாண்டத்தைப் பார்த்தபின் ஆற்றங்கரையில் நிற்கும் சாதாரணக் குதிரையை எந்தப் பிள்ளையும் நம்பாது. கதை முடிந்தபின் காட்டுங்கள்.

3. காவிரிக்கு மாற்றாதீர்கள்

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்று ஆற்றைக் காவிரியாக்கி, பிள்ளைகளுக்கு முருகன், செல்வி என்று பெயர் வைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கதை உடைந்துவிடும்.

நம் ஆற்றங்கரையில் ஒரு குதிரை தனியாக நின்றால் ஊரே கூடிவிடும். யாருடையது, எங்கிருந்து வந்தது என்று டீக்கடை வரைக்கும் பேச்சு ஓடும். கெல்பிக்குத் தேவையானது யார் கண்ணிலும் படாத சாதாரணத்தனம். அது இங்கே கிடைக்காது. ஸ்காட்லாந்திலேயே நடக்கட்டும். "அந்த ஊர்ல குதிரைதான் விறகு சுமக்கிற வண்டி மாதிரி" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். பேச்சு மட்டும் நம் பேச்சாக இருக்கட்டும். பாட்டி பாட்டியாகவே பேசட்டும்.

பெயர்கள் மூன்று போதும். மூத்தவள் மோராக், நடுவில் இயான், கடைக்குட்டி ராபி. பத்துப் பேருக்கும் பெயர் வைத்தால் நீங்களே மறந்துவிடுவீர்கள், பிள்ளைகள் திருத்துவார்கள்.

4. மனப்பாடம் செய்யாமல் ஆறு நிறுத்தங்களாகப் பிரியுங்கள்

வரி வரியாக எழுதிப் படித்தவர்கள் ஒரு வரி மறந்ததும் நின்றுவிடுகிறார்கள். கண் மேலே போய்விடும், பிள்ளைகள் கவனமும் கூடவே போய்விடும். ஆறு நிறுத்தங்களை மட்டும் ஒரு சீட்டில் எழுதுங்கள்: பாட்டி, கரை, குதிரை, ஏறுதல், விரல், வீடு.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் மாறக் கூடாத ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் வாய்க்கு வந்தபடி வரலாம். இந்த வாக்கியங்கள் ஏன் மாறக் கூடாதென்றால், பின்னால் வருவது முன்னால் வந்ததை அப்படியே திருப்பிச் சொல்லும்போதுதான் பிள்ளைக்கு உறைக்கிறது. சொல் மாறினால் பொருள் சரியாக இருந்தும் மணி அடிக்காது.

5. விதியையும் கத்தியையும் பாட்டி கையில் கொடுங்கள்

இந்தக் கதையின் முடிவில் ஒரு கத்தி தேவைப்படும். அது அங்கே திடீரென்று முளைத்தால் கதை பொய்யாகிவிடும். "அவன் பாக்கெட்ல ஒரு கத்தி இருந்துச்சு" என்று கடைசி நிமிடத்தில் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்வரிசையில் ஒரு சிரிப்பு வரும், அந்தப் பயம் பிறகு கட்டாது.

ஆகவே வேலையோடு தொடங்குங்கள். பாட்டிக்கு விளக்குத் திரி வேண்டும். அந்தக் காலத்து ஸ்காட்லாந்து வீடுகளில் மீனெண்ணெய் விளக்குக்குக் கோரைத் தண்டுதான் திரி. தோலை உரித்தால் உள்ளே வெள்ளையாக, மெத்தென்று தண்டுச் சோறு இருக்கும், அதைத்தான் எண்ணெயில் போடுவார்கள். கோரை ஆற்றோரம் விளையும். பிள்ளைகள் பறிக்கப் போகிறார்கள். ராபி சின்னவன், தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. கரையில் உட்கார்ந்து நுனி நறுக்கும் வேலை அவனுக்கு. அதனால்தான் கத்தி அவன் கையில். (கோரையும் திரியும் நான் சேர்த்தவை. வேறு வேலை கொடுத்தாலும் சரி, கத்திக்கு ஒரு காரணம் இருந்தால் போதும்.)

இப்போது விதி. பாட்டி வாசலில் நின்று சொல்கிறாள்: "யாரு வீட்டுக் குதிரைன்னு தெரியாம எதுமேலயும் ஏறாதீங்க."

இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். கெல்பி என்ற பெயரைப் பாட்டி சொல்லக் கூடாது. உருமாறும், நீரில் இழுக்கும் என்றெல்லாம் சொன்னால் கேட்பவருக்கு வேலையே இல்லாமல் போய்விடும். பாட்டி சொல்வது அடுத்தவர் பொருளைத் தொடாதே என்ற சாதாரண அறிவுரையாகக் கேட்க வேண்டும். அப்போதுதான் பெரிய பிள்ளைகள் அதை மறப்பது நம்பும்படி இருக்கும்.

6. குதிரையைச் சத்தமில்லாமல் உள்ளே விடுங்கள்

"திடீரென்று ஒரு மாயக்குதிரை தோன்றியது!" இந்த ஒரு வாக்கியத்தில் கதை முடிந்துவிட்டது. திடீர், மாயம், தோன்றியது, மூன்றுமே வேண்டாம்.

குதிரை ஏற்கெனவே அங்கே நிற்கட்டும். பிள்ளைகள் கோரை பறித்துக்கொண்டே நிமிரும்போது பார்க்கிறார்கள். மேய்ந்துகொண்டிருக்கிறது, தலையைக்கூடத் தூக்கவில்லை. நிறம், கண், வால் என்று வர்ணிக்க வேண்டாம். ஒரே ஒரு அடையாளம் கொடுங்கள்: பிடரி மயிரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

அதையும் எப்படிச் சொல்வது என்பதுதான் முக்கியம். முன்பே, கரை நிறுத்தத்தில், "மூணு நாளா மழையே இல்லை, கல்லெல்லாம் சுடுது" என்று சொல்லிவையுங்கள். இப்போது, "பிடரி ஈரமா இருந்துச்சு, சொட்டு சொட்டா கல்லுமேல விழுந்துட்டே இருந்துச்சு" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுங்கள். நிறுத்தாதீர்கள், கண்ணை விரிக்காதீர்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பலுக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

கெல்பிக்கு வேறு அடையாளங்களும் மரபில் உண்டு. பிடரியில் மணலும் பாசியும் சிக்கியிருக்கும், தோல் சில்லென்றிருக்கும், சில இடங்களில் குளம்பு பின்பக்கம் திரும்பியிருக்கும் என்பார்கள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டால், இத்தனையும் பார்த்த பிறகு ஏறுகிற பிள்ளைகள் முட்டாள்களாகத் தெரிவார்கள். கேட்பவருக்கு அவர்கள்மேல் இருந்த இரக்கம் போய்விடும்.

இங்கே ராபி முதல்முறை கேட்கட்டும்: "யாரு வீட்டுக் குதிரை?" யாரும் பதில் சொல்லவில்லை.

7. ஏறுவதை அவசரப்படுத்தாதீர்கள்

கதையின் இதயம் இந்த இடம். நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இங்கே செலவழிக்கலாம். ஆனால் பலர் "ஒருவர் பின் ஒருவராக ஒன்பது பேரும் ஏறினார்கள்" என்று ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறார்கள்.

முதலில் இயான் ஏறுகிறான். குதிரை அசையவில்லை. "இன்னும் ஒருத்தர் உட்காரலாம்" என்கிறான். மோராக் ஏறுகிறாள். திரும்பிப் பார்த்து, "இன்னும் ஒருத்தர் உட்காரலாம்" என்கிறாள். மூன்றாவது, நான்காவது என்று எத்தனை பேர் ஏறினாலும், பின்னால் சரியாக ஒருவருக்கான இடம் மிச்சம் இருக்கிறது.

முதுகு நீள்கிறது என்று நீங்கள் சொல்லவே கூடாது. அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னால் போதும். நாலாவது ஐந்தாவது தடவையில் பிள்ளைகளே விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடுவார்கள். ஏழாவது தடவை உங்களோடு சேர்ந்து சொல்வார்கள். சேர்ந்து சொல்வது முதலில் விளையாட்டாக இருக்கும், எட்டாவதில் சத்தம் குறையும். குறையும்போது நீங்களும் குரலைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒருமுறை ராபி மறுபடி கேட்கிறான்: "யாரு வீட்டுக் குதிரை?" இந்தத் தடவை மேலே இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். "உனக்குப் பயம்" என்கிறாள் மோராக்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, கையால் குதிரை முதுகு நீள்வதைக் காட்டுவது. கை நீண்டதும் எல்லோரும் கையைப் பார்ப்பார்கள், எண்ணுவதை விட்டுவிடுவார்கள்.

8. விரல்

ஒன்பது பேர் மேலே, ராபி கீழே. குதிரை இப்போதுதான் முதல்முறை தலையைத் தூக்கி அவனைப் பார்க்கிறது. அவன் ஒரே ஒரு விரலால் அதன் மூக்கைத் தொடுகிறான். விரல் ஒட்டிக்கொள்கிறது.

ஒட்டிக்கொண்டது என்பதை வலியோடோ பிசினோடோ சேர்க்காதீர்கள். "எடுக்கப் பாத்தான், வரல." இவ்வளவே. பிறகு மேலே பார்க்கிறான். மோராக் இறங்கப் பார்க்கிறாள், கால் வரவில்லை. இயான் கையைத் தூக்கப் பார்க்கிறான், கை வரவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

வரிசை இதுதான்: முதலில் ராபியின் விரல், பிறகு மற்றவர்கள். மாற்றிச் சொன்னால், மேலே இருப்பவர்கள் அலறுவதைப் பார்த்த பிறகும் ராபி ஏன் தொட்டான் என்று கேள்வி வரும்.

குதிரை ஆற்றை நோக்கி நடக்கிறது. நடக்கிறது, ஓடவில்லை. ராபியும் கூடவே நடக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் கணுக்கால் வருகிறது, முழங்கால் வருகிறது. அவன் தண்ணீரில் இறங்கவே கூடாது என்பது பிள்ளைகளுக்கு நினைவிருக்கும், நீங்கள் நினைவூட்ட வேண்டாம். இன்னொரு கையில் கத்தி இருக்கிறது.

வெட்டுவதை வர்ணிக்காதீர்கள். ரத்தம் வேண்டாம். "கத்தி அவன் கையில இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, உங்கள் ஆட்காட்டி விரலை மடக்கிக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பேசவோ சுட்டிக்காட்டவோ வேண்டாம். கதை முடியும் வரை அந்த விரலை நிமிர்த்தக் கூடாது. கேட்க எளிது, செய்து பார்த்தால்தான் தெரியும். தண்ணீர் குடிக்கும்போது, ஒரு பிள்ளையை அமைதியாக இருக்கச் சொல்லும்போது, கை தானாக விரிந்துவிடும். வீட்டில் காய் நறுக்கிக்கொண்டோ, கதவைப் பூட்டிக்கொண்டோ பழகுங்கள்.

சிறிய பிள்ளைகள் கலந்திருந்தால் விரலை ராபியின் சட்டைக் கையாக மாற்றலாம். ஒட்டியது துணி, வெட்டியதும் துணி. கொஞ்சம் வீரியம் குறையும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை இரவில் அழுவதற்கு அது பரவாயில்லை.

9. நீருக்குள் போகும்போது வாயை மூடுங்கள்

ஒன்பது பேரோடு குதிரை ஆழத்துக்குள் போகிறது. இங்கேதான் எல்லோருக்கும் சத்தம் போட ஆசை வருகிறது. கத்தல், அலறல், சளசள. வேண்டாம். "தண்ணி மூடிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மூன்று வரை மனதுக்குள் எண்ணுங்கள்.

அதற்குப் பிறகுதான் சத்தம். கெல்பி ஆழத்துக்குள் மறையும்போது வாலால் நீரை அடிக்கும், அது இடி இடித்த மாதிரிக் கேட்கும் என்பது மரபு. உள்ளங்கையால் மேஜையை ஒரே அடி. முன்பே மேஜையைத் தட்டிப் பார்த்துவையுங்கள். பிளாஸ்டிக் மேஜை என்றால் சத்தம் சப்பென்று போய்விடும், அப்போது மரப்பலகை ஒன்றைத் தேடுங்கள். அடி விழுந்த பிறகு உடனே பேசக் கூடாது.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. அமைதிக்கு முன் சத்தம் வந்தால் பிள்ளைகள் துள்ளிச் சிரித்துவிடுவார்கள். அமைதிக்குப் பின் வந்தால் சிரிப்பு வராது.

10. வீட்டில் முடியுங்கள், பாடம் நடத்தாதீர்கள்

ராபி வீட்டுக்குப் போகிறான். பாட்டி வாசலில். "மத்தவங்க எங்கடா?" என்கிறாள். அவன் பதில் சொல்லவில்லை. கையை நீட்டிக் காட்டுகிறான். நீங்களும் மடக்கிய விரலோடு கையை நீட்டுங்கள். அப்புறம் பாட்டி கேட்கிறாள்: "யாரு வீட்டுக் குதிரை?"

கதை அங்கே முடிந்தது. எழுந்து தண்ணீர் குடியுங்கள்.

"ஆகவே குழந்தைகளே, தெரியாதவர்கள் கூப்பிட்டால்..." என்று தொடங்காதீர்கள். ஆற்றில் இறங்குவதன் ஆபத்தைச் சொல்ல வேண்டும் என்றால் அதைத் தனியாக, வேறு ஒரு நாளில், நேரடியாகச் சொல்லுங்கள். இந்தக் கதையோடு ஒட்டினால் இரண்டும் கெடும். கெல்பி என்ற பெயரை இப்போது சொல்லலாம், அதுவும் பிள்ளைகள் கேட்டால்.

11. கேள்விகளுக்குத் தயாராக இருங்கள்

நிச்சயம் வரும் கேள்வி: "ஒன்பது பேரும் செத்துட்டாங்களா?" பொய் சொல்ல வேண்டாம், விவரிக்கவும் வேண்டாம். "ஆத்துக்குள்ள போனாங்க, திரும்பி வரல" என்பது போதும். பிள்ளைகள் தங்களுக்குத் தாங்கக்கூடிய முடிவைத் தாங்களே வைத்துக்கொள்வார்கள். நீருக்கடியில் ஒரு வீடு இருக்கிறது என்று ஒரு பெண் குழந்தை எனக்கு விளக்கினாள், அதில் சமையலறைகூட இருந்தது. மறுக்காதீர்கள்.

"நிஜமாவா நடந்துச்சு?" என்பதற்கு, "அந்த ஊர்க்காரங்க தலைமுறை தலைமுறையா சொல்றாங்க" என்று சொன்னால் சரி. அதற்கு மேல் நிரூபணத்தில் இறங்க வேண்டாம்.

பெற்றோர் பயம் காட்டுவதைப் பற்றிக் குறைப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் அர்த்தம் உண்டு. இதை நிகழ்ச்சியின் கடைசிக் கதையாக வைக்காமல் நடுவில் வையுங்கள். அடுத்து ஒரு சிரிப்புக் கதை கட்டாயம். அந்த வேலைக்குத் தெனாலிராமன் போதும்.

12. பெரிய பிள்ளைகளுக்குக் கானன் ஆற்றுக் கதை

இதில் உருமாற்றம் குறைவு, நடுக்கம் அதிகம். நண்பகல், அறுவடைக்காரர்கள் கானன் ஆற்றோரம் கதிர் அறுக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பழைய தேவாலயம். ஆற்றில் உண்மையான துறைக்குச் சற்றுக் கீழே, துறை மாதிரியே தோன்றும் ஓர் ஆழமான இடம். அங்கிருந்து ஒரு குரல்: "நேரம் வந்தாச்சு, ஆள் இன்னும் வரல." பார்த்தால் கெல்பி. அடுத்த நொடி மடுவுக்குள் மறைகிறது.

அப்போது மேட்டிலிருந்து ஒருவன் குதிரையில் ஆற்றை நோக்கிப் பறந்து வருகிறான். அறுவடைக்காரர்கள் மறிக்கிறார்கள், அவன் கேட்கவில்லை. அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தேவாலயத்துக்குள் தள்ளிப் பூட்டுகிறார்கள், அந்த நேரம் கடந்ததும் திறக்கலாம் என்று. திறந்தால், உள்ளே இருந்த கல்தொட்டித் தண்ணீரில் முகம் புதைந்து இறந்து கிடக்கிறான்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. கல்தொட்டியை முன்கூட்டியே காட்டுங்கள்: வெயில் தாங்காமல் ஒருவன் உள்ளே போய் அதில் முகம் கழுவிவிட்டு வரட்டும். கத்திக்குச் செய்த அதே வேலைதான். இரண்டாவது, அவனுக்கு வலிப்பு வந்து தொட்டியில் விழுந்தான் என்று பழைய சொல்முறையிலேயே ஒரு விளக்கம் உண்டு. அதைக் கதைக்குள் கொண்டுவராதீர்கள். பதின்வயதுப் பிள்ளைகள் தாங்களே அங்கே வந்து சேர்வார்கள், வந்த பிறகு வாதாடுவார்கள். அந்த வாதம் கதையைவிட நீளமாகப் போனாலும் தடுக்க வேண்டாம்.

13. சின்னவர்களுக்கு மார்ஃபி துரை

இதற்குப் பெரிய ஆயத்தம் தேவையில்லை. மார்ஃபி என்ற இடத்துத் துரை, கிரஹாம் குடும்பத்தவர், கெல்பிக்குத் தலைக்கயிறு மாட்டி வீடு கட்டக் கல் சுமக்க வைக்கிறார். நாள் முழுக்க, ஓய்வில்லாமல். வீடு முடிந்ததும் அவிழ்த்துவிடுகிறார். அது ஆற்றுக்குள் இறங்கும்முன் திரும்பிப் பார்த்துச் சபிக்கிறது.

அந்தச் சாபம் ஸ்காட்லாந்தில் பாட்டாகவே இருக்கிறது. நான் சொல்லும் விதம்: "முதுகு நோகுதே, எலும்பு நோகுதே, மார்ஃபி துரையோட கல்லைச் சுமந்து! நான் உசிரோட இருக்கிற வரைக்கும் மார்ஃபி துரை வாழ மாட்டான்." முதல் பாதியைக் கல் சுமக்கும்போதே முனகலாகச் சொல்லிக்கொண்டு வாருங்கள், பிள்ளைகள் முதுகைப் பிடித்துக்கொண்டு கூடவே முனகுவார்கள், சிரிப்பார்கள். இரண்டாவது பாதியைக் கடைசியில் மட்டும் சொல்லுங்கள்.

துரையைக் கெட்டவராகவும் கெல்பியைப் பாவமாகவும் ஆக்கிவிட வேண்டாம். பிள்ளைகள் குதிரைப் பக்கம்தான் சாய்வார்கள், சாயட்டும். ஆனால் அது அவிழ்ந்ததும் எங்கே போனது என்று யாராவது கேட்டால், "மறுபடி ஆத்துக்குத்தான்" என்று சொல்லுங்கள். இதே பிள்ளைகள் இரண்டு வருடம் கழித்துப் பத்துப் பிள்ளைகள் கதையைக் கேட்க உட்காரும்போது அது அவர்களுக்குத் தேவைப்படும்.